குண்டானுக்குள் விமானம்

என்னங்க,

நான் திருப்பதிக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். குழம்பு அடுப்புமேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். மேசைமேல் கவிழ்த்த குண்டானை மட்டும் தூக்காதீர்கள். உள்ளே நான் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த குட்டி விமானம். தரைக்குப் போடுகிற பாலீஷைப் பிரஷ்ஷால் தடவியிருக்கிறேன். காய்ந்தால் கண்ணாடி மாதிரி மின்னும், அதுவரை தூசி படக்கூடாது.

பாட்டிலைப் பார்த்து அத்தை கேட்டபோது, பொம்மைக்கா காசைக் கொட்டினாய் என்று திட்டுவாரோ என்ற பயத்தில் வீட்டுத் தரைக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே பூரிப்பு. "எம் மருமக பாலீஷெல்லாம் வாங்கிக்கினு வந்துகீறா, ஞாயித்துக்கெயம வந்து தரையப் பாருங்க" என்று கார்வேட்டிநகரத்துச் சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். நீங்களாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். "அப்ப இனிமே மாசா மாசம் போடு" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவி ஜன்னலில்.

சுகுணா

பாட்டிலில் இருப்பது கூடத்துக்கே போதாது. வரும்போது இன்னொன்று வாங்கிவருகிறேன். தரைக்குத்தான்.

அத்தை குண்டானைக் கேட்டால் வேறு பாத்திரம் எடுத்துக் கொடுங்கள். இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது அதற்குள் இருக்கிற இடம் ஒன்றுதான்.