முதலாளியின் தங்கை

நாரணாபுரம்,
14.07.2025

மதிப்பிற்குரிய பொன்னுத்தங்கம் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலிக் கருத்தரங்கில், இளம் ஆய்வாளர்கள் மூத்தவர்களோடு பேசலாம் என்று ஏற்பாடு செய்திருந்த மதியம் உங்கள் மேசைக்கு வந்த இசைவாணி நான். பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் மூச்சுக் கோளாறு பற்றி ஆய்வு செய்பவள். நாலு பேருக்கு முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. உங்களிடம் எப்படி அவ்வளவு பேசினேனோ! டீ ஆறுகிறது என்று நீங்கள்தான் நினைவூட்டினீர்கள்.

கம்பெனியின் பெயரைப் போட்டால்தான் கட்டுரைக்கு மதிப்பு என்கிறார் என் கைடு. நீங்களோ, தீபாவளி சீசன் முடியும்வரை வாசிக்கவே வேண்டாம் என்றீர்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. செப்டம்பரில் மதுரையில் வாசிக்கக் கொடுத்திருந்த பெயரைத் திரும்பப் பெறப் போகிறேன்.

இருமினால் போர்மேன் கவனிப்பார் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ளும் மாரிசெல்வி அக்காவைப் பற்றிச் சொன்னேனே, அவர் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். அதைக் கேட்டதும், அவர் டாக்டரிடம் காட்டினாரா என்றுதான் முதலில் கேட்டீர்கள். அதை மறக்க மாட்டேன்.

என்றும் நன்றியுடன்,
இசைவாணி

*

நாரணாபுரம்,
03.08.2025

பேராசிரியர் பொன்னுத்தங்கம் அவர்களுக்கு,

கருத்தரங்கில் எடுத்த படத்தை நேற்று அம்மாவிடம் காட்டினேன். செல்போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தவள், "ஏட்டி, இவுக நம்ம முதலாளி தங்கச்சில்லா! ஆயுத பூசைக்குக் கம்பெனிக்கு வந்து எங்களுக்கெல்லாம் சேலை குடுத்தாகளே. இவுககிட்டயா அம்புட்டையும் சொன்ன?" என்றாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

அய்யாதுரை முதலாளி உங்கள் அண்ணன். அவர் கம்பெனியின் பெயரை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுரையை நிறுத்திவை என்று மட்டும் சொன்னீர்கள். பெரிய மனதோடு சொல்கிறீர்கள் என்று நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சந்தோஷப்பட்டேன்.

என்னைப் பற்றிக் கவலையில்லை. மாரிசெல்வி அக்காவின் பெயரைச் சொல்லித் தொலைத்தேனே, அதுதான் பயம். ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அது உங்கள் அண்ணன் காதுக்குப் போய்விட்டதா?

இசைவாணி

*

மதுரை,
07.08.2025

அன்புள்ள இசைவாணி,

இல்லை. அண்ணனிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். மேற்கொண்டு படிக்குமுன் இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு வா.

சிவகாசிப் பக்கத்துப் பெண்ணுக்கு நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்துகொண்டுதான் அண்ணன் கம்பெனியின் பெயரை என்னிடமே சொல்கிறாய், என்ன துணிச்சல் என்று வியந்துபோனேன். நம் ஊரில் எங்கள் வீட்டார் எல்லோருக்கும் இருக்கிற நினைப்பு இது. நாங்கள் யாரென்று ஊரே அறியும் என்கிற நினைப்பு.

சீசன் முடியட்டும் என்றதற்குக் காரணம் உண்டு. போனஸ் கைக்கு வருமுன் ஒருத்தியை வெளியே அனுப்பினால் அவளுடைய ஒரு வருஷத்துப் பாடும் வீண். அதை நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் அண்ணனைக் காப்பாற்றும் ஆசையும் அதில் கலந்திருந்ததா என்று உன் கடிதம் வந்ததிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஆகவே இந்த விஷயத்தில் உனக்கு யோசனை சொல்ல நான் ஆளில்லை. நாகர்கோவிலில் பேராசிரியர் சங்கரலிங்கம் இருக்கிறார். எங்கள் வீட்டோடும் பட்டாசோடும் எந்தத் தொடர்பும் இல்லாதவர். முகத்தில் அடித்தாற்போலப் பேசுவார், பயப்படாதே. கட்டுரையை அவரிடம் காட்டு. இப்போதே வாசி என்று அவர் சொன்னால் வாசித்துவிடு.

அன்புடன்,
பொன்னுத்தங்கம்

*

நாரணாபுரம்,
23.09.2025

அன்புள்ள மேடம்,

சனிக்கிழமை மதுரையில் கட்டுரையை வாசித்துவிட்டேன். கூட்டத்தில் உங்களைத் தேடினேன். வராததன் காரணம் பிறகு புரிந்தது.

சங்கரலிங்கம் சார் எடுத்த எடுப்பிலேயே, "வாசிக்காம பெட்டியில வைக்கவா எழுதுன?" என்றார். "ஆனா கேக்கிறவன் ஆளைக் கண்டுபிடிச்சுட்டான்னா அது ஆய்வு இல்லம்மா, காட்டிக்கொடுக்கது" என்றும் சொன்னார். ஊர், கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டு, ஏழாயிரம்பண்ணை, எம். புதுப்பட்டிக் கம்பெனிகளின் பெண்கள் சொன்னதையும் கலந்து எழுதினேன். கைடு முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்.

வாசிக்குமுன் மாரிசெல்வி அக்காவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. அந்த முந்தானைச் சங்கதிய மட்டும் எடுத்துரு தாயி. அது நாந்தான்னு அங்கன எல்லாருக்கும் தெரியும்" என்றார். கட்டுரையிலேயே நல்ல இடம் அதுதான். மனசே இல்லாமல் அடித்தேன்.

வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். "சொல்ல மாட்டேன்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது, அவர் மறுபடி கேட்டார். இரண்டாம் முறை அரங்கம் முழுக்கக் கேட்டது.

நேற்றுக் காலை அக்காவும் அம்மாவும் எப்போதும்போல வேனில் ஏறிப் போனார்கள். சாயங்காலம் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா திட்டினாள்: "எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பெறகு எதுக்குட்டி அழுவுற?"

உங்களைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வருத்தம். "அந்தம்மாவை ஒரு நாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. நம்ம கையால சாப்புடுவாகளான்னும் கேட்டுக்க" என்கிறாள். நானும் கேட்கிறேன். வருவீர்களா?

அன்புடன்,
வாணி

*

மதுரை,
28.09.2025

அன்புள்ள வாணி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். வேனிலிருந்து அவர்கள் இறங்கிய இடம் வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

அம்மா கையால் சாப்பிடுவேன். மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன் என்று சொல். ஆனால் உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். உங்கள் தெருவில் என்னை யாராவது பார்த்தால், எந்தக் கம்பெனி என்று அந்த மனிதர் கேட்ட கேள்விக்கு நானே பதிலாகிவிடுவேன்.

தீபாவளி கழிந்து கம்பெனி மூடியிருக்கும்போது இங்கே வாருங்கள். மாரிசெல்வியையும் கூட்டி வா. என் தோழி வீரலட்சுமி நுரையீரல் மருத்துவர். என் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. கறி நான் வாங்கி வைக்கிறேன். ஆக்குவது உன் அம்மா பொறுப்பு, எனக்குச் சமையல் வராது.

எந்த பஸ் என்று மட்டும் எழுது. மாட்டுத்தாவணியில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
பொன்னுத்தங்கம்