வெளிறிய ஸ்லைட்டுகள்

ஜூலை 1, திங்கள்
மழை. அம்பிட்டிய பஸ்ஸில் நின்றே போனேன். ஸ்டூடியோவின் பின்னறை அலுமாரியில் இருக்கும் பழைய ஸ்லைட்டுகளை ஸ்கேன் செய்வதுதான் இந்த மாத வேலை. ஹோட்டல், தேயிலை, கலண்டர் என்று எல்லாம் முதலாளி ருஷ்தி சேரின் வாப்பா காலத்து விளம்பரப் படங்கள். பாதிக்கு மேல் பூஞ்சணம்.

ஒரே காட்சியை மூன்று தரம் எடுத்திருக்கிறார்கள். அளவான வெளிச்சத்தில் ஒன்று, இருட்டாக ஒன்று, வெளிறி ஒன்று. அந்தக் காலத்தில் பிறகு திருத்த வழியில்லை.

"நல்லத மட்டும் வைங்க நுஹா. மத்த ரெண்டும் குப்பைக்கு. இது என்ன, மியூசியமா?" என்றார் சேர்.

எனக்குப் பிடித்த மாதிரி வேலை. தனியறை, பேச்சில்லை.

ஜூலை 5, வெள்ளி
குப்பை லொறி வந்தது. அலுமாரியில் இப்போது இடம் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்
வத்தேகமவிலிருந்து பியட்றிஸ் என்றொரு அம்மா வந்தார். எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்ட தேயிலைப் படத்தில் தங்கள் தோட்டத்தை மகள் அடையாளம் கண்டாளாம். பியட்றிஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு படமும் இல்லை.

"படம் புடிக்க வந்தப்ப அம்மாவ மடுவத்துல, தராசுக்குப் பக்கத்துல நிக்க வச்சாங்கன்னு அத்தை சொல்லும் மிஸ். மொகத்த ஒருக்கா பாத்தா போதும்."

கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகை ஸ்லைட்டை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். படத்தில் மலை பளிச்சென்று இருந்தது. கூரையின் கீழே, தராசோரம், ஒரு பெண்ணின் கறுப்பு உருவம்.

"இவங்கதான். ஆனா மொகம் இருட்டா இருக்கே. வேற இல்லியா?"

"இல்ல."

பொய்யில்லை — பொய்யில்லையா? வெளிறிய ஸ்லைட்டில் மலை வெறும் வெள்ளையாகப் போயிருக்கும். நிழலில் நின்ற முகம் தெரிந்திருக்கும். அதைத்தானே எறிந்தேன்.

ஜூலை 12, வெள்ளி
கம்ப்யூட்டரில் எவ்வளவு வெளிச்சம் ஏற்றினாலும் கறுப்பு சாம்பலாகிறது, முகமாவதில்லை. சேரிடம் சொன்னேன். "நாந்தானே எறியச் சொன்னது. நீங்க ஏன் கவலப்படுறீங்க?" ஏன் அது ஆறுதலாக இல்லை?

"என்ன மகள், சோத்தப் பெசஞ்சிட்டே ஈக்கிற?" என்கிறார் உம்மா.

ஜூலை 14, ஞாயிறு
அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வத்தேகமவுக்குப் போனேன். பியட்றிஸ் தேவாலயத்தில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். எறிந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது.

"அப்ப நீங்க பாத்திருக்கீங்க! எப்படி இருந்தாங்க மிஸ்? என்னய மாதிரியா?"

மூன்றையும் ஒளிமேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவள் நான். அந்த முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைத்ததும் எனக்கு. நான் பார்த்தது வெளிச்சத்தின் அளவை மட்டும்.

"மூக்குத்தி போட்டிருந்தாங்களா?"

ஆம் என்றிருக்கலாம். அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். வாய் வரவில்லை.

"தெரியா. நான் பாக்கல்ல."

படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். வெளியே யாரோ கோழியைத் துரத்தினார்கள்.

"சரி மிஸ். தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

ஜூலை 16, செவ்வாய்
இன்று ஸ்கேன் செய்கையில் வெளிறிய ஸ்லைட் ஒன்று வந்தது. பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண். இடது புருவத்தில் தழும்பு. முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி. மூக்குத்தி இல்லை. யாரென்று தெரியாது. திரும்ப அலுமாரியில் வைத்தேன்.