என் பேரில் அச்சான உங்க பாட்டு

அக்கா,

அன்னைக்கு உங்க கொட்டகையில் இருந்தவங்க நீங்க, நான், என் மக. வேற ஒருத்தரும் இல்லை. முந்திரிக்கொட்டை உடைத்தபடியே நீங்க பாடினீங்க, அவள் டேப்பில் பிடித்தாள், நான் பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதை முதலில் எழுதக் காரணம், பசைவாடை மாறாமல் என் முன்னால் கிடக்கிற அவளுடைய எம்.ஃபில். ஆய்வேடு. பெரம்பலூரில் பைண்டிங் போட்டு நேற்றுத்தான் கொண்டுவந்தாள். பக்திப் பாட்டுப் புத்தகத்தைக் கூட்டிக் கூட்டித் தானாகவே எழுத்துப் படித்தவள் நான். மகள் எழுதியது என்று சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுப் பிரித்தேன்.

கடைசியில் பாடியவர்கள் பட்டியல். பேர், வயது, ஊர், தொழில் என்று கட்டம் போட்டு. நடவுப்பாட்டு திருமானூரில் இருக்கிற என் நாத்தனார் பாடியதாம். தாலாட்டு செந்துறைச் சித்தி பாடியதாம். இறந்துபோன உங்க பிள்ளைக்கு நீங்க பாடின ஒப்பாரிக்கு நேரே என் பேர். உங்க பேர் எங்கேயும் இல்லை.

ஆய்வேட்டை மூடி வைத்தேன் அக்கா. எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, ஏன் இப்படி என்று அவளைக் கேட்டேன்.

"எங்க கைடு சார்தாம்மா சொன்னாரு. எல்லாம் ஒரே ஆளு, அவங்களும் இப்ப இல்ல. ஊரு ஊராப் போயி சேகரிச்ச மாதிரி இருக்கட்டும்னாரு. எல்லாரும் இப்படித்தான் சொந்தக்காரங்க பேர எழுதுறாங்க."

"நான் எப்படி பாடினேன்?"

"யாரும்மா வந்து கேக்கப் போறா?"

பால்காரர் ஊற்றின நாளை ஊற்றாத நாளாகப் பால் கணக்கில்கூட நான் எழுதியதில்லை. என் வயிற்றில் பிறந்தவள், செத்த பிள்ளைக்கு அழுததையே ஆள் மாற்றி எழுதிவிட்டாள். அவளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அன்றைக்கு நீங்க அவளைக் கேலி செய்தீங்களே, "படிச்ச புள்ள, நான் மூக்கு சிந்துறதையும் எழுதிக்கிறியா?" என்று. பிறகு அந்த ஒப்பாரியைத் தொடங்கி, பிள்ளையின் பேர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டீங்க. டேப் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. "இத மட்டும் போடுறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுப் போடு தாயி" என்றீங்க. கேட்க வருவதற்குள் கண்ணை மூடிட்டீங்க.

பட்டியலைத் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டேன். மற்ற எல்லாப் பாட்டுக்கும் உங்க பேர், உங்க ஊர் ஆண்டிமடம், உங்க தொழில். சார் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் படிப்பு நின்றுபோகும். அழுதாள், சாப்பிடவில்லை. ஆனால் அடிக்கப் போயிருக்கிறாள்.

அந்த ஒப்பாரியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்க பாடாமல் விட்ட பேர் எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் அம்மன் சன்னதியில் வெள்ளைப்பூவும் சிவப்புப்பூவும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு, ஒன்றை எடுத்துப் பூக்கட்டி உங்களைக் கேட்கப் போகிறேன். வெள்ளை வந்தால் பாட்டு உங்க பேரில் போகும், சிவப்பு வந்தால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவோம். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாகணும். அந்தப் பூவில் பதில் சொல்லுங்க அக்கா.