ராய்ஸின் அம்மாவும் கோச் டாக்கெட்டும்

கார்வின் ஸ்டேட்
18 ஜனவரி 1996

அன்புள்ள மிஸ் வெர்லீன்,

சனிக்கிழமை நீங்கள் போட்ட கெளுத்தி மீன் வறுவல் இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை. ஃபுட்பால் ஆடப் பையன்களைத் தேடிப் பத்து வருஷமாக ஊர் ஊராகக் காரில் போய், கண்ட கண்ட சமையலறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது தட்டை நானே கேட்டு வாங்கியது உங்கள் வீட்டில்தான்.

ராய்ஸ் எங்கள் யூனிவர்சிட்டிக்குக் கையெழுத்துப் போடட்டும். தடுப்பாட்டத்தின் பின்வரிசை என் பொறுப்பு. எறிகிற பந்தைக் கையில் பிடிக்க ஓடிவருகிறவனை மறிக்க, உங்கள் மகனைப் போல் கால் வாய்த்தவனை நான் பார்த்ததில்லை. நான்கு வருஷமும் அவன் என் கண்ணெதிரில் இருப்பான். வீடியோவில் அவன் ஓட்டம் தெரிகிறது, குணம் தெரியவில்லை. அதை அம்மாதானே சொல்லவேண்டும்? தயங்காமல் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஹாலிஸ் டாக்கெட்


பாயூ லாசீன், லூசியானா
25 ஜனவரி 1996

கோச் டாக்கெட்டுக்கு,

மூன்றாவது தட்டு இல்லை, நான்காவது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள் நான், தலைக் கணக்கு எனக்குத் தப்பாது.

குணம் கேட்டீர்கள். ராய்ஸ் சோம்பேறி இல்லை, பொய் சொல்லமாட்டான். ஒரே ஒரு கோளாறு, ஏமாந்தால் பொறுக்கமாட்டான். என் தம்பி கிளோவிஸோடு சீட்டாட உட்காருவான். கையில் ஒன்றும் இல்லாமலே கிளோவிஸ் மிரட்டி ஜெயித்துவிட்டால் போதும், அடுத்த ஆட்டத்தில் இவன் யோசிக்காமல் கையிலிருக்கும் காசையெல்லாம் பந்தயத்தில் போட்டுவிடுவான். "வாடா ராய்ஸு, மறுபடியும் மாமாவுக்குக் குடுக்க வந்துட்டியா?" என்று கிளோவிஸ் சிரிப்பான். மைதானத்திலும் அப்படித்தான். ஒரு தடவை ஏமாற்றியவன் மேல் அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு பாய்வான். பள்ளிக்கூடத்துக் கோச்சிடம்கூட இதைச் சொன்னதில்லை. நீங்கள் திருத்துவீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிப்ரவரி ஏழு, புதன்கிழமை கையெழுத்துப் போடுகிறான். மூன்று யூனிவர்சிட்டி கூப்பிட்டது. உங்களுக்காகத்தான் கார்வினுக்கு வருகிறான்.

நம்பிக்கையோடு,
வெர்லீன் பிரூசார்ட்


பாயூ லாசீன்
9 பிப்ரவரி 1996

கோச்,

புதன்கிழமை ராய்ஸ் கையெழுத்துப் போட்டான். வியாழக்கிழமை காலை நீங்கள் டெலமார் யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். "மிஸ் வெர்லீன், டயர் போச்சா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "இல்லடா, வேற ஒண்ணு போச்சு" என்றேன்.

போட்ட கையெழுத்தை மாற்ற முடியாதாம். வேறு இடம் போனால் ஒரு வருஷம் ஆடாமல் உட்காரவேண்டுமாம். நீங்கள் போகப்போவது உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தெரியுமா, தெரியாதா? அது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

வெர்லீன் பிரூசார்ட்


டெலமார்
15 பிப்ரவரி 1996

மிஸ் வெர்லீன்,

தெரியும். திங்கட்கிழமையே தெரியும்.

பையன்கள் கையெழுத்துப் போட்டு முடிகிறவரை வாயைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். முன்னால் சொன்னால் பையன்கள் கலைந்துபோவார்கள், அப்புறம் என்னை எவனும் வேலைக்கு எடுக்கமாட்டான். எனக்கு இது ஆறாவது ஊர். தலைமை கோச்சைத் துரத்தினால் உதவி கோச்சுகள் ஒன்பது பேரும் கூடவே மூட்டை கட்டவேண்டியதுதான். கார்வினில் அது சீக்கிரம் நடக்கும் என்று தோன்றியது, முந்திக்கொண்டேன். என் மனைவி ஜானிஸ் பெட்டிகளைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். "கெடக்கட்டும் விடு, அடுத்த ஊர்ல பிரிச்சுக்கலாம்" என்கிறாள்.

உங்களிடம் வெட்கமாக இருக்கிறது. ராய்ஸின் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோவில் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் கிழித்துப் போட்டாலும் எழுதுவேன்.

ஹாலிஸ் டாக்கெட்


பாயூ லாசீன்
20 அக்டோபர் 1997

அன்புள்ள கோச்,

உங்கள் கடிதங்களில் முதல் நாலைக் கிழித்தேன். ஐந்தாவதைப் படித்தேன். அப்புறம் கிழிக்க மனம் வரவில்லை.

ராய்ஸ் இப்போது முதல் பதினொரு பேரில் ஒருவன். உங்கள் கடிதங்களை வாங்கிக்கொண்டு போய்ப் படிக்கிறான். "மத்தவங்க கத்துறாங்கம்மா, டாக்கெட்தான் ஏன்னு சொல்றாரு" என்கிறான். அவன் அப்பா போனபிறகு, ராய்ஸைப் பற்றி நான் உட்கார்ந்து பேச ஒரு ஆள் கிடைத்தது உங்களால்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நவம்பர் இருபத்திரண்டு அன்று உங்கள் டீமும் அவன் டீமும் மோதுகின்றன. முடிந்ததும் பார்க்கிங்கில் என் வண்டியைத் தேடி வாருங்கள். பெரிய பானையில் எங்கள் ஊர் இறால் குழம்பு, கம்போ, கொண்டுவருகிறேன். ஜானிஸும் வரவேண்டும்.

உங்கள்,
வெர்லீன்


டெலமார்
3 நவம்பர் 1997

அன்புள்ள மிஸ் வெர்லீன்,

கட்டாயம் வருகிறோம். பானை பெரியதாகவே இருக்கட்டும்.

இங்கே நிலைமை சரியில்லை. ஐந்து ஆட்டம் தோற்றாயிற்று. கார்வினிடமும் தோற்றால் எங்கள் தலைமை கோச்சை அனுப்பிவிடுவார்கள் என்று முடிவெட்டுகிற கடையில்கூடப் பேசுகிறார்கள். போன மாதம்தான் ஜானிஸ் இந்த வீட்டுக்கென்று புதுத் திரைச்சீலை தைத்து மாட்டினாள். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. அந்த ஜன்னல் பக்கமே நான் திரும்புவதில்லை.

ராய்ஸ் நன்றாக ஆடட்டும். நாங்கள் ஜெயிக்கட்டும். இரண்டும் நடந்தால் என்ன?

ஹாலிஸ்


பாயூ லாசீன்
24 நவம்பர் 1997

கோச்,

நீங்கள் வரவில்லை. கம்போவை வீட்டுக்கே திருப்பி எடுத்துவந்தேன்.

கடைசி நிமிஷம் வரை நாங்கள்தான் முன்னால். நீளமாக எறிவார்கள் என்று ராய்ஸ் பின்னால் நின்றான், உங்கள் ஆட்கள் கிட்டே எறிந்தார்கள். ஏமாந்தான். எல்லோரும் ஏமாறுவதுதான். அடுத்த பந்துக்கே, மறுபடியும் கிட்டே எறிவதுபோல் கையை மட்டும் ஓங்கினார்கள், பந்தை விடவில்லை. ராய்ஸ் பாய்ந்தான். அவனைத் தாண்டி ஓடியவனிடம் பந்து போய்ச் சேர்ந்தது, ஆட்டம் முடிந்தது. பக்கத்தில் கிளோவிஸ் இருந்தான். "அக்கா, இது நம்ம வீட்டுச் சீட்டாட்டம்" என்றான்.

நீங்கள் சொன்னீர்களா?

வெர்லீன்


டெலமார்
1 டிசம்பர் 1997

மிஸ் வெர்லீன்,

சொன்னேன்.

ஆட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தலைமை கோச் என்னைப் பார்த்து, "டாக்கெட், அந்தப் பையன நீதான புடிச்ச? அவன் எங்க ஒடைவான்?" என்றார். மற்ற எட்டுப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். சொல்லிவிட்டேன். பார்க்கிங்குக்கு வர முகமில்லை.

நேற்று என்னைத் தடுப்பாட்டம் முழுவதற்கும் பொறுப்பாளனாக்கினார்கள். இத்தனை ஊர் அலைந்தது இதற்காகத்தான். சந்தோஷமாக இருக்கிறது என்று உங்களிடம் பொய் இல்லாமல் சொல்கிறேன், அது சங்கடமாகவும் இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ராய்ஸ் தானே வந்து கை கொடுத்தான். "நல்லா மாட்டிவிட்டீங்க, கோச்" என்று சிரித்தான். அவனுக்கு ஆட்டத்தைப் படிக்கிற மூளை இருக்கிறது. படிப்பு முடிந்ததும் என்னிடம் உதவி கோச்சாக வரட்டும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வருவான்.

ஹாலிஸ்


பாயூ லாசீன்
30 மார்ச் 1998

கோச் டாக்கெட்,

புதுப் பதவிக்கு வாழ்த்துகள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வேலை விஷயத்தை ராய்ஸிடமே கேளுங்கள். வருவான் போலத்தான் தெரிகிறது. "அவர் எடத்துல நான் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேம்மா, அது அவர் வேல" என்கிறான். அவன் உங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். அது அவன் பாடு, நான் குறுக்கே நிற்கப்போவதில்லை.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் கிறிஸ்துமஸோடு தீர்ந்துவிட்டது. உங்களை எனக்குப் பிடிக்கும், அதுதான் கஷ்டம்.

போன வாரம் பயிற்சியில் ராய்ஸ் விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கத்தில் உங்களுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னது, அவன் மாடிப்படி ஏறச் சிரமப்படுவது, எல்லாவற்றையும் எழுதினேன். எந்தக் கால் என்று எழுத வந்தபோது கை நின்றுவிட்டது. நவம்பரில் மறுபடியும் உங்கள் டீமோடு ஆட்டம் இருக்கிறது.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

வெர்லீன் பிரூசார்ட்