மூன்றாவது குழிக்குள் இறங்காத பேட்ஜ்கள்

ட்ரூச்சாஸ், நியூ மெக்சிகோ
9 அக்டோபர் 1994, ஞாயிறு

அன்பு மகள் செலினாவுக்கு அப்பா எஃப்ரேனின் ஆசிகள்.

நானும் அம்மாவும் நலம். மிளகாய் காய்ந்துவிட்டது. வழக்கம்போல் நான் சொல்ல, பக்கத்து வீட்டு ஒஃபீலியா எழுதுகிறாள்.

நேற்று அமாதியோ வந்தான், என்னோடு வேலை செய்து ரத்தப் புற்றில் போன பெலர்மினோவின் மகன். இருபத்து நான்காம் தேதி அணு ஆய்வகத்தின் மூன்றாவது கழிவுக் குழியைத் திறக்கும் ஒன்பது பேரில் அவனும் ஒருவன். "வேலை லேசுதான் மாமா. துணி முகமூடி போதும்னு நம்ம செலினா அறிக்கையிலயே இருக்கு" என்று சிரித்தான். நான் பீன்ஸ் தட்டைத் தள்ளிவைத்தேன்.

அவன் கொண்டுவந்திருந்த உன் அறிக்கையை ஒஃபீலியாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அங்கே கழிவுப் பீப்பாய் புதைத்தவர்கள் சட்டையில் மாட்டியிருந்த, கதிரை அளக்கும் பேட்ஜ்களில் அளவு மிகக் குறைவு, ஆகவே குழியில் ஆபத்து குறைவு என்று எழுதியிருக்கிறாய். கணக்கில் தப்பில்லை மகளே. பேட்ஜ்தான் தப்பு.

1963 ஆகஸ்ட். அந்தப் பீப்பாய்களைப் புதைத்த ஆறு பேரில் நானும் பெலர்மினோவும் இருந்தோம். பேட்ஜுக்குள் இருக்கும் பிலிம் கதிர் பட்டுக் கறுத்தால் ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், கூலி போய்விடும். அதனால் காலையில் எங்கள் ஆறு பேரின் பேட்ஜையும் வாங்கி லாரியில் என் சாப்பாட்டு டப்பாவில் போட்டுவிடுவேன். யோசனை என்னுடையது. "அடேய், பேட்ஜுக்கு நிழலு, நமக்கு வெயிலா?" என்பான் பெலர்மினோ. எல்லோரும் சிரிப்போம். மாலையில் மாட்டிக்கொண்டு வாசலில் ஒப்படைப்போம். பதினொரு வாரம். தெற்கு ஓரத்தில் நாற்பத்தொரு பீப்பாய். இரண்டு கசிந்தன, நாங்கள் மண்வெட்டியால் மண் தள்ளி மூடினோம்.

நாட்டுப் பாதுகாப்பு, வீட்டில்கூட வாய் திறக்காதே என்று காகிதத்தில் என்னிடம் கையெழுத்துக்குப் பதிலாகக் குறி வாங்கியிருந்தார்கள். நானும் திறக்கவில்லை. நீ அதே ஆய்வகத்தில் சேர்ந்த அன்றும் திறக்கவில்லை.

"மாமா, இத அனுப்பினா அவ பேரு கெட்டுடும்" என்று ஒஃபீலியா பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்றேன். போனில் சொல்லியிருப்பேன், உன் குரலைக் கேட்டால் என் வாய் கட்டிப்போகும். அதோடு, உன் அதிகாரிகளிடம் காட்ட உனக்குக் காகிதம் வேண்டும். கீழே என் குறி இருக்கிறது.

நீ போகவேண்டிய வாஷிங்டன் கூட்டம் முடியும்வரை காத்திருக்காதே. இது கிடைத்த அன்றே சொல்லி வேலையை நிறுத்து. கிழவன் உளறுகிறான் என்று அவர்கள் சொன்னால், என்னைக் கூப்பிட்டு என் எலும்பில் ஏறியிருக்கும் கதிரை அளக்கச் சொல். நான் வருகிறேன்.

அளவு எவ்வளவு வந்தாலும் அம்மாவுக்குச் சொல்லாதே. தேவன் உன் பக்கம் நிற்கட்டும்.

உன் அப்பா
X