பெல்ட்டைக் கழற்றி வைத்த நேரங்கள்

மார்ச் 3, செவ்வாய்

பிசியோ பெண் வந்து இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டாள். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. எத்தனை அடி, என்ன வேகம், எங்கே தயங்குகிறேன் எல்லாம் அதில் பதியுமாம். எனக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோயின் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் நடந்து காட்டுவதைவிட வீட்டில் நடப்பதுதான் உண்மையைச் சொல்லுமாம். எட்டு நாள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றலாம்.

மகள் பக்கத்தில் நின்றாள். "இது நல்லா இருக்குன்னு சொன்னா நீ இங்கேயே தனியா இரும்மா. இல்லேன்னா என்கூட வந்துடணும். பேச்சு மாறக்கூடாது."

நான் என்றைக்குப் பேச்சு மாறினேன்?

மார்ச் 4, புதன்

காலை ஆறரைக்குப் பூங்கா, மூன்று சுற்று. குதிகால் முதலில், தோள் பின்னால், கை வீசி. நான் படித்த கான்வென்ட் தாழ்வாரத்தில் காலடிச் சத்தத்தை வைத்தே சிஸ்டர் ஆளைச் சொல்லிவிடுவார். என் சத்தத்தில் ஒருநாளும் குறை கண்டதில்லை.

வீடு வந்ததும் பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் ஒரு நடையா?

மார்ச் 6, வெள்ளி

டீயோடு வெளியே வரும்போது சமையலறை வாசலில் இன்றும் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னே போகிறது, பாதம் வரமாட்டேன் என்கிறது. பதினொன்று எண்ணிய பிறகு விட்டது. பாதி டீ சாஸரில்.

பெல்ட் மேசையில் இருந்தது. நல்லவேளை.

நல்லவேளையா? — ரஃப் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும். டீச்சரிடம் கொடுப்பது ஃபேர் நோட்டைத்தானே?

மார்ச் 8, ஞாயிறு

நான்கு சுற்று. மகளிடம் போனில் சொன்னேன். "ஒலிம்பிக்குக்கா போறே?" என்றாள்.

மார்ச் 11, புதன்

பிசியோ பெண் லேப்டாப்பைத் திறந்தாள். "நடை பிரமாதம்மா. ஆனா தினம் ஒரு மணி நேரம்தான். மத்த நேரம் பெட்டி அசையவே இல்ல."

குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

"பதிமூணு மணி நேரமா?"

சிரிக்காமல் கேட்டாள். அதில்தான் கோபம் வந்தது.

"இத அப்படியே குடுத்தா டாக்டர் மாத்திரைய மாத்த மாட்டாரும்மா. வீட்டுக்குள்ள எங்கயாவது கால் நிக்குதா?"

இல்லை என்றேன். இன்னொரு வாரம் இருக்கட்டும் என்று பெல்ட்டை விட்டுப் போனாள்.

மார்ச் 12, வியாழன்

பொய் சொன்னேன். எழுபத்து நாலு வயசில, ஒரு சின்னப் பொண்ணு முகத்தப் பார்த்து.

மகள் வீட்ல எனக்குன்னு அந்த மூலை அறை. ஜன்னலத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். அவர் போய் ஒன்பது வருஷம் தனியா இருந்தவதானே நான்? என் டீய நானே போட்டுக் குடிக்கணும், வேற என்ன கேக்கிறேன்?

ஆனா அந்த வாசல் தானா சரியாகப் போறதில்ல.

மார்ச் 13, வெள்ளி

எழுந்ததும் பெல்ட். படுக்கப் போகும்வரை கழற்றவில்லை.

மார்ச் 14, சனி

வாசலில் ஒட்டிய கால் விட, காலையில் ஆறு எண்ணினேன். மாலை பதினாலு. நானும் எழுதி வைக்கிறேன். பெட்டிக்கு ஒழுங்காக எண்ணத் தெரியுமோ என்னவோ.

மார்ச் 20, வெள்ளி

பிசியோ பெண் வரைபடத்தைக் காட்டினாள். தினமும் மூன்று மணிக்கு மேல் கோடு சரிகிறது. மதிய மாத்திரை வேலை தீரும் நேரமாம். மகளும் பார்த்தாள்.

"எவ்ளோ நாளாம்மா இப்படி?"

"ஆறு மாசம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவே."

அவள் டீ போடப் போனாள். நான்கு முறை அந்த வாசலைக் கடந்தாள், ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்துக்கொண்டே.

ஏப்ரல் 2, வியாழன்

மாத்திரை இப்போது நான்கு வேளை. சமையலறை வாசலில் தரையோடு ஒரு சிவப்பு நாடா; மகளே மண்டியிட்டு ஒட்டினாள், கோணலாக. அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினால் பாதம் ஒட்டாது என்பது பிசியோ பெண்ணின் யோசனை. பெரும்பாலும் பலிக்கிறது.

மகள் போனில் சொன்னாள்: "மூலை அறைல இப்ப துணி காயப் போடறேன்."

மாலை டீ கொஞ்சம் தளும்பிச் சிந்தியது. முதலில் குடித்தேன். பிறகு துடைத்தேன்.