தகூத் என்று ஓர் ஊர்

அன்பு மகள் இத்தோவுக்கு அம்மா தூதா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் இங்கே நானும் உன் அப்பாவும் நலம், சிவப்பு ஆடு மட்டும் போன வாரத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. மாண்ட்ரியலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஆறே உறைந்துபோகும் என்றாயே, குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்கிப் போகாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, காலையில் சுவரோரம் வெயிலில் உட்காருகிறார், வெயில் நகர நகர அவரும் நகர்ந்து மத்தியானத்துக்குள் ஆட்டுப்பட்டி வரை போய்விடுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ, அடுத்த நிறுத்தம்" என்கிறார்.

நம் பயணக் கம்பெனியின் இணையப் பக்கத்துக்கு நம் வரலாற்றை எழுதித் தரும்படி உன் தம்பி பாஸ்ஸு உன்னிடம் கேட்டிருக்கிறானாம். என்னிடம், "அப்பா வண்டி வாங்கினாரு, கம்பெனி ஆரம்பிச்சாரு, ரெண்டு வரி போதும்மா" என்றான். அப்பா வண்டி வாங்கவில்லை, கம்பெனியும் ஆரம்பிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், வரிகளை நீ பார்த்துக்கொள்.

அப்போது இந்தக் கணவாயில் நானும் என் அப்பா மோஹாவும் மட்டும்தான். சாலை போட்டவர்கள் எங்கள் மேல்வயலை வெட்டி எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அவருக்குச் சாலையோடு பேச்சுவார்த்தை இல்லை, அதில் வருகிறவர்களோடும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், உலகத்தைப் பாலில் முக்கி எடுத்ததுபோல் வெள்ளையாகிவிட்டது, சுவர் எது வானம் எது என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கயிறு வந்தது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்தார்கள், முன்னால் மீசையெல்லாம் பனி படிந்த ஓர் இளைஞன். மராகெஷிலிருந்து தெற்கே போகிற வழியில் பனியில் சிக்கி நின்றுவிட்ட பஸ்ஸின் டிரைவர், பெயர் அத்தி. உன் அப்பாதான். நடுவில் நீலப் போர்வைக்குள் யம்னா என்று ஒரு கல்யாணப் பெண், மறுநாள் மலைக்குத் தெற்கே ஸ்கூராவில் அவளுக்கு நிக்காஹ். என் அப்பா வாசலை மறித்துக்கொண்டு, "ரோடு உங்களோடது, வீடு என்னோடது. பஸ்ஸுலயே போய்ப் படுங்க" என்றார். உன் அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார். நான்தான் உள்ளேயிருந்து, "ஆடு வந்து கத்தினா ஓடிப்போய்த் திறக்குறியே, இவங்க என்ன கத்தணும்னு எதிர்பார்க்குற?" என்று கேட்டேன். என் அப்பா என்னை முறைத்தார், பிறகு விலகினார். வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி என் கை ஓய்ந்தது, பொந்துக்குள் குருவிகள் போல ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எல்லோரும் உறங்கினார்கள்.

விடிந்து போய்ப் பார்த்தால் சாலையில் பஸ் இல்லை. பனி சரிந்து அதைப் பள்ளத்தாக்கில் தள்ளியிருந்தது, வெகு கீழே அதன் கூரை மட்டும் ஒரு நகம்போலத் தெரிந்தது. என் அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார், திரும்பி வந்து கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி அடுப்பில் போட்டார். மரத் தாழ்ப்பாள், நன்றாக எரிந்தது.

பனிப்பொழிவு நின்றது, மூடுபனி மட்டும் போகவில்லை. யம்னா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், "வராத பொண்ணுக்காக யாரும்மா காத்திருப்பாங்க" என்றாள். அப்போதுதான் கேட்டது, தெற்குப் பக்கம் பள்ளத்திலிருந்து மேளச் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத் தேடி மலையேறி வந்துகொண்டிருந்தார்கள், மூடுபனிக்குள் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடாமலிருக்க அடித்துக்கொண்டே வந்தார்கள். சத்தம் ஒருமுறை காலடியிலிருந்து வரும், மறுமுறை மேகத்திலிருந்து வரும். என் அப்பா செம்பு அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூரையேறிப் பதிலுக்கு அடித்தார், மனிதர் வாழ்நாளில் மேளத்தைத் தொட்டதில்லை, ஆனாலும் தாளம் தப்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, பேரீச்சம்பழ வியாபாரி ஹாஜி மிமூன், கீழேயிருந்து அரபியில் "இது எந்த ஊருப்பா?" என்று கத்தினார். என் அப்பாவுக்கு அரபி அரைகுறை, என்ன தெரிகிறது என்று கேட்கிறார் என நினைத்து, "தகூத், தகூத்" என்று கத்தினார். நம் மலைப் பேச்சில் அது மூடுபனி, ஹாஜிக்கு அது ஊர்ப்பெயர். நிக்காஹ் நம் அடுப்படியில்தான் நடந்தது. யம்னாவின் கைக்கு நான்தான் மருதாணி வைத்தேன், கஞ்சி சுட்டுக் கொப்புளம் போட்ட விரல்களோடு.

ஹாஜி ஊர்ச் சந்தையெல்லாம் "தகூத்துல கல்யாணம், அப்படி ஒரு உபசரிப்பு" என்று சொல்லித் திரிந்தார். பஸ்ஸில் ஏறியவர்கள் தகூத்தில் இறக்கிவிடச் சொல்ல, அப்படி ஓர் ஊரே இல்லை என்று டிரைவர்கள் சண்டை போட்டார்கள். உன் அப்பாவின் முதலாளியோ பஸ்ஸைக் காப்பாற்றாதவன் என்று அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். உன் அப்பா நேராக நடந்தே மலையேறி வந்து என்னைப் பெண் கேட்டார். "பஸ்ஸு இல்லாத டிரைவருக்கு என் பொண்ணா?" என்றார் என் அப்பா. "பஸ்ஸு அப்புறம் வரும் மாமா, முதல்ல நான் வந்திருக்கேன்" என்றார் இவர். செய்தி கேட்ட ஹாஜி மிமூன் பேரீச்சம்பழம் ஏற்றித் திரிந்த தன் பழைய வேனைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார், அதில் ஏறியவர்கள் எல்லோரும் இனிப்பு மணத்தோடு இறங்கினார்கள். ஏறியவர்கள் இரவு நம் வீட்டில் தங்கினார்கள், வீடு விடுதியானது, தங்கியவர்கள் பாலைவனம் பார்க்க வேண்டுமென்றார்கள், அப்படியே ஒன்றிலிருந்து ஒன்று. மராகெஷ் அலுவலகமும் தெற்கே கூடாரங்களும் பாஸ்ஸுவின் உழைப்பு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் அவன் வந்திருந்தான். புதுச் சாலை கீழ்ப்பக்கமாகப் போகிறதாம், பஸ் எதுவும் இனி மேலே வராதாம், குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் இருவரையும் மராகெஷுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றான். "ஒரு ஈ கூட வராதும்மா, யாருக்காக அடுப்பு எரிக்கிற?" என்றான். "ஈக்காக எரிக்கலடா" என்றேன். அவன் கோபித்துக்கொண்டு வெளியே போனான், உன் அப்பாவோடு வெயில் சுவரோரம் உட்கார்ந்து, வெயிலோடு அவனும் ஆட்டுப்பட்டி வரை நகர்ந்தான். கடைசியில் இப்படி முடிந்தது. அறைகளையெல்லாம் பூட்டியாயிற்று, மெத்தைகளைச் சுருட்டியாயிற்று, பெயர்ப்பலகையைக்கூட இறக்கி உள்ளே சாய்த்துவிட்டான். அடுப்படி மட்டும் எனக்கு. கட்டிலை அங்கேயே போட்டுக்கொண்டோம். அறைகள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் மூடுபனி எழும்பும்போது இந்த அடுப்படி தனியாக மிதக்கிற படகுபோல இருக்கிறது, நானும் உன் அப்பாவும் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறோம்.

அதனால் இணையப் பக்கத்தில், குளிர்காலத்தில் விடுதி மூடியிருக்கும் என்றே எழுது, பாஸ்ஸுவின் வார்த்தையை மீறாதே, அவன் நல்ல பிள்ளை. அடுப்படி திறந்திருப்பதை எழுத வேண்டாம். தேவைப்படுகிறவர்கள் தட்டுவார்கள்.

நீயும் உன் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு வாழ அல்லாஹ் அருள் செய்யட்டும், உங்கள் வீட்டில் ரொட்டி குறையாமல் இருக்கட்டும். தம்பிக்கு ஒரு போன் போடு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் அம்மா,
தூதா